முடிசூடாமல் ஆண்ட ராணி மங்கம்மாள்

மதுரை ரயில்வே ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரே மங்கம்மாள் சத்திரம். திருச்சியில் மலைக்கோட்டை அடிவாரத்தில் அரசு மியூசியம் இயங்கிய பழைய தர்பார் மண்டபத்துக்கு ராணி மங்கம்மாள் மகால் என்று பெயர். மதுரை காந்தி மியூசியம் இருப்பது அந்த அம்மையாரின் தமுக்கம் அரண்மனையில். நம் சீனியர்கள் படித்த காலத்தில் திண்டுக்கல் பக்கம் ஓடிய அரசு பஸ்களில் ராணி மங்கம்மாள் போக்குவரத்துக் கழகம் என்று எழுதியிருக்கும். 1997ல் போக்குவரத்துக் கழகங்களுக்கு இருந்த தலைவர்கள் பெயரையெல்லாம் எடுத்தபோது அதுவும் போனது.

ஆக, பெயர் நமக்கெல்லாம் தெரியும். ஆனா அவர் என்ன செய்தார் என்று யாராவது கேட்டால் சாலை போட்டார், சத்திரம் கட்டினார் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அந்தச் சாலைக்கும் சத்திரத்துக்கும் பின்னால் பதினேழு வருஷத்து நிர்வாகம் இருக்கிறது. கையில் காசில்லை, நாலு பக்கமும் பகை, தொட்டிலில் ஒரு கைக்குழந்தை. இந்த நிலைமையில் ஒரு நாட்டை ஏற்று நடத்திய கதை அது. வேலைக்குப் போய்விட்ட நமக்கும், போகப்போகிற மாணவர்களுக்கும் அதில் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது.

வாழ்க்கைப்பட்ட வீடு

மங்கம்மாள் மதுரை நாயக்க மன்னர் சொக்கநாதரின் மனைவி. அவருடைய தந்தை லிங்கம நாயக்கர் ஒரு படைத்தலைவர். திருமலை நாயக்கர் 1659ல் மறைந்த பிறகு அதே ஆண்டில் சொக்கநாதர் பட்டத்துக்கு வந்தார். மகால் கட்டிய வம்சம் என்று பெயர் பெரிதாக இருந்ததே தவிர, அவர் காலத்தில் கஜானா கரைந்துகொண்டே வந்தது. 1673ல் தஞ்சாவூரைப் பிடித்தார். ஆனால் இரண்டு மூன்று வருஷத்திற்குள் அது மராட்டியர் ஏகோஜியின் கைக்குப் போய்விட்டது. மேற்கே மைசூர்க்காரர்கள் ஊர் ஊராக எடுத்துக்கொண்டார்கள். தெற்கே ராமநாதபுரம் சேதுபதி தனிக்காட்டு ராஜாவாகிவிட்டார். போதாததற்கு ருஸ்தம்கான் என்ற சொந்தக் குதிரைப்படைத் தலைவனே சில காலம் மன்னரை அரண்மனைக்குள் அடைத்துவைத்து ஆட்சி நடத்தினான்.

1682ல் சொக்கநாதர் இறந்தார். கணவனோடு மனைவி உடன்கட்டை ஏறுவது அரச குடும்பங்களில் வழக்கமாக இருந்த காலம் அது. மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பன் இன்னும் சிறுவன் என்பதால் மங்கம்மாள் ஏறவில்லை. மகனைப் பட்டத்தில் வைத்தார். அந்தப் பையனும் கெட்டிக்காரன். ஏழு வருஷத்தில் இழந்த நிலங்களில் கொஞ்சத்தை மீட்டான். ஆனால் 1689ல் பெரியம்மை கண்டு இறந்துபோனான். அப்போது அவன் மனைவி சின்ன முத்தம்மாள் நிறைமாத கர்ப்பிணி. உடன்கட்டை ஏறியே தீருவேன் என்று நின்ற மருமகளை மங்கம்மாள் கெஞ்சித் தடுத்தார். ஆண் குழந்தை பிறந்தது. பிறந்த சில நாளில் அந்தப் பெண் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள்.

ஏழே வருஷத்தில் கணவன் போய், மகன் போய், மருமகளும் போய், மிச்சம் இருந்தது ஒரு பேரக்குழந்தைதான். அந்தக் குழந்தைக்கு விஜயரங்க சொக்கநாதன் என்று பெயரிட்டு, மூன்று மாதத்தில் பட்டம் கட்டினார் மங்கம்மாள். தான் அரியணை ஏறவில்லை. பேரன் பெயரால் காப்பாளராக இருந்து ஆளத் தொடங்கினார். நம்ம ஆபீஸ் பாஷையில் சொன்னால் இன்சார்ஜ் போஸ்டிங். அந்த இன்சார்ஜ் 1689ல் இருந்து 1706 வரை நீடித்தது!

வீரமும் கணக்கும்

ஆட்சிக்கு வந்ததுமே மங்கம்மாள் சந்தித்தது ஔரங்கசீப்பின் படை. 1686ல் பீஜப்பூர், 1687ல் கோல்கொண்டா என்று இரண்டு பெரிய ராஜ்யங்களை விழுங்கிவிட்டு முகலாயப் படை தெற்கே இறங்கியிருந்தது. சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சிக் கோட்டையில் வந்து உட்கார்ந்தார். அவரைப் பிடிக்க சுல்பிகர்கான் 1690ல் செஞ்சியை முற்றுகையிட்டான். 1698 வரை அந்த முற்றுகை இழுத்தது. திருச்சிக் கோட்டையிலிருந்து செஞ்சி சில நாள் பயண தூரம்தான்.

இந்த இடத்தில் ஒரு சினிமா ராணி என்ன செய்வாள்? வாளை உருவுவாள். மங்கம்மாள் கணக்குப் போட்டார். எட்டு வருஷம் ஒரு கோட்டையைச் சுற்றி உட்கார்ந்திருக்கக்கூடிய படையோடு, காலி கஜானாவை வைத்துக்கொண்டு மோதினால் பேரனுக்கு நாடே மிஞ்சாது. முகலாயரின் மேலாண்மையை ஒப்புக்கொண்டு திறை அனுப்பினார். அதோடு நிற்காமல், தஞ்சை மராட்டியர் எடுத்துக்கொண்ட சில இடங்களை மீட்க அதே முகலாயத் தளபதியின் உதவியையும் வாங்கினார். கட்டின பணத்துக்குப் பதில் வேலை வாங்கிவிட்டார் என்று சொல்லலாம்.

கோழைத்தனம் என்று சிலர் நினைக்கலாம். அப்படியில்லை என்பதற்கு அடுத்து நடந்ததைப் பாருங்கள். திருவிதாங்கூர் மன்னர் ரவிவர்மா திறையை நிறுத்தினார். அனுப்பிய படை ஒருமுறை பெரும் சேதத்தோடு திரும்பியது. ராணி விடவில்லை. 1697ல் தளவாய் நரசப்பய்யாவை அனுப்பினார். அவர் கடும் போருக்குப் பிறகு பாக்கி முழுவதையும் வசூலித்து வந்தார். தஞ்சைப் படைகள் எல்லையில் புகுந்து கொள்ளையடித்தபோது, கொள்ளிடத்தில் தண்ணீர் குறைந்த சமயம் பார்த்து அதே நரசப்பய்யா ஆற்றைக் கடந்து தஞ்சை நாட்டுக்குள்ளேயே போய்விட்டார். தஞ்சை மன்னர் சகஜியின் அமைச்சர் பாலாஜி பணம் கொடுத்துச் சமாதானம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று.

எங்கே மோத வேண்டும், எங்கே பணிந்து போக வேண்டும் என்று ஆள் பார்த்து, பலம் பார்த்து முடிவு செய்திருக்கிறார். இதுதான் அவருடைய ராஜதந்திரம்.

காவிரியில் ஒரு அணை

இன்ஜினீயர்களுக்கு ரொம்பப் பிடிக்கக்கூடிய விஷயம் ஒன்று உண்டு. மைசூர் மன்னர் சிக்கதேவராயர் காவிரியின் குறுக்கே ஒரு அணை கட்டினார். கீழே தண்ணீர் வரவில்லை. திருச்சி, தஞ்சை இரண்டு சீமைக்கும் வாய்க்கால் எல்லாம் வறண்டது. 300 வருஷத்துக்கு முந்திய காவிரிப் பிரச்சினை!

அதுவரை தஞ்சையும் மதுரையும் பரம விரோதிகள். நேற்றுவரை ஒருவர் ஊரை ஒருவர் கொளுத்தியவர்கள். ஆனால் ஆற்றில் தண்ணீர் நின்றதும் இரண்டு நாடும் கை கோத்தன. சேர்ந்து படை திரட்டி மைசூர் மேல் போக ஏற்பாடு நடந்தது. அதற்குள் பலத்த மழை பெய்து, வெள்ளம் வந்து, அணை தானாகவே உடைந்து போயிற்று. சண்டைக்கு அவசியமே இல்லாமல் தண்ணீர் வந்து சேர்ந்தது.

வெள்ளம் செய்த காரியத்துக்கு மங்கம்மாளைப் பாராட்ட முடியாதுதான். ஆனா பழைய பகையை ஒதுக்கிவைத்து, விவசாயியின் தண்ணீருக்காக எதிரியோடு உட்கார்ந்து பேச முன்வந்தார் பாருங்க, அது பெரிய மனசு. 

சாலையும் சத்திரமும்

இனி அவர் பேர் சொல்லும் வேலைகளுக்கு வருவோம். தெற்குச் சீமையில் கன்னியாகுமரி வரை போகும் பழைய பாதைகளை மங்கம்மாள் சாலை என்றே மக்கள் அழைத்தார்கள். இன்றும் தென் மாவட்டங்களில் பல இடங்களில் அந்தப் பெயர் வழக்கில் இருக்கிறது.

சாலை வேலை தெரிந்தவர்கள் அதைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்துச் சாலையில் போனது யார்? நடந்து போகிறவர்கள், மாட்டு வண்டிக்காரர்கள், பொதி சுமக்கும் காளைகள், ராமேஸ்வரத்துக்கும் திருச்செந்தூருக்கும் போகிற யாத்ரீகர்கள். இவர்களுக்கு வேண்டியது நிழல், தண்ணீர், ராத்தங்க ஒரு இடம், ஒருவேளைச் சாப்பாடு. எனவே சாலையோடு மரம், மரத்தோடு கிணறு, தண்ணீர்ப் பந்தல், சத்திரம் என்று எல்லாம் சேர்ந்து வந்தது. தார் ரோடு போட்டு மரத்தை வெட்டுகிற நமக்கு இது உறைக்க வேண்டும்.

இன்னொன்று. கட்டுவது சுலபம், பராமரிப்பதுதான் கஷ்டம் என்பது சைட்டில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். சத்திரம், கோயில் போன்ற தர்மங்களுக்கு நிலத்தை மானியமாக எழுதிவைப்பது அன்றைய முறை. நிலத்து வருமானத்தில் அடுப்பு எரியும், கட்டடம் பழுது பார்க்கப்படும். ராணியின் காலத்தில் அப்படி நிறைய மானியங்கள் எழுதப்பட்டன. முதல் செலவுக்கு மட்டும் பட்ஜெட் போட்டுவிட்டு மெயின்டனன்ஸை மறந்துவிடுகிற நம் பழக்கம் அங்கே இல்லை.

ராணி ஒருமுறை மறதியாக இடது கையால் வெற்றிலை போட்டுக்கொண்டதாகவும், அதற்குப் பரிகாரமாகத்தான் இத்தனை தர்மமும் செய்ததாகவும் ஊரில் ஒரு கதை சொல்வார்கள். நல்ல கதைதான். ஆனா ஒரு வெற்றிலைக்காக யாராவது ஒரு சீமை முழுக்கச் சாலை போடுவார்களா? வியாபாரமும் படையும் தானியமும் நகர வேண்டுமானால் பாதை வேண்டும் என்று தெரிந்த ஒரு நிர்வாகி செய்த காரியம் அது. போரில் மெலிந்த கஜானாவை வரியும் வியாபாரமும்தானே நிரப்ப முடியும்?

யார் கும்பிட்டாலும் குடிதான்

மங்கம்மாள் மீனாட்சியம்மன் மேல் மிகுந்த பக்தி கொண்டவர். மதுரைக் கோயில் ஊஞ்சல் மண்டபத்து விதானத்தில் மீனாட்சி திருக்கல்யாண ஓவியம் இருக்கிறது. அதில் சிறுவன் விஜயரங்கனோடு மங்கம்மாளும் கைகூப்பி நிற்பதைக் காணலாம். 

ஆனால் தன் பக்தியைப் பிறர் மேல் திணித்தவர் இல்லை. 1693ல் சேதுபதியின் நாட்டில் ஓரியூரில் பாதிரியார் ஜான் டி பிரிட்டோ கொல்லப்பட்ட காலம் அது. அதே சேதுபதி சிறையில் வைத்திருந்த மெல்லோ பாதிரியாரை விடுவிக்க மங்கம்மாள் தலையிட்டார். தன்னைப் பார்க்க வந்த புஷே பாதிரியாரை மரியாதையோடு வரவேற்றார். முஸ்லிம்களின் தர்காவுக்கும் அவர் ஆட்சியில் நிலம் வழங்கப்பட்டது. மதுரை சௌராஷ்டிர மக்களுக்கு ஆவணி அவிட்டச் சடங்கு செய்யும் உரிமை உண்டா என்ற தகராறு வந்தபோது, விசாரிக்க ஆட்களை நியமித்து, அவர்கள் சொன்னதைக் கேட்டு, உரிமை உண்டு என்று 1705ல் ஓலை கொடுத்தார். தனக்குத் தோன்றியதைச் சொல்லி முடிக்கவில்லை. விசாரித்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்.

சறுக்கலும் முடிவும்

எல்லாமே வெற்றி என்று எழுதினால் அது சரித்திரம் ஆகாது. 1702ல் ராமநாதபுரம் கிழவன் சேதுபதியின் மேல் மதுரைப் படை சென்றது. தஞ்சைப் படையும் துணைக்கு வந்தது. அப்படியிருந்தும் தோல்வி. திருவிதாங்கூரையும் தஞ்சையையும் வென்று வந்த நரசப்பய்யா அந்தப் போரில் மாண்டார். ராணியின் வலது கை போய்விட்டது. சேதுபதியை அதன் பிறகு அடக்க முடியவே இல்லை. முகலாயரிடம் கணக்குப் போட்டு ஒதுங்கிய ராணி, சேதுபதியிடம் கணக்கைத் தவறவிட்டார் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் வீட்டுக்குள் இருந்தது. தொட்டில் குழந்தை வாலிபனாகிவிட்டான். ஆட்சியை எப்போது, எப்படி ஒப்படைப்பது? பாட்டி பதவியை விடமாட்டாள் என்று பேரனுக்கு ஓதியவர்கள் இருந்தார்கள். ராணிக்கும் அமைச்சர் அச்சையாவுக்கும் தொடர்பு என்று வதந்தி கிளப்பினார்கள். தனியாக நின்று ஆள்கிற பெண்ணை வீழ்த்த அன்றைக்கும் இதுதான் ஆயுதம். 1706ல் அவருடைய ஆட்சி முடிந்தது. பேரனின் ஆட்களே அவரை அரண்மனையில் சிறைவைத்து, கண்ணுக்குத் தெரியும்படி, கைக்கு எட்டாதபடி சோறு வைத்துப் பட்டினியால் சாகவிட்டார்கள் என்று மதுரையில் வழிவழியாகச் சொல்கிறார்கள். வரலாற்று ஆசிரியர்கள் எல்லோரும் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஊருக்கெல்லாம் சோறு போட்ட அம்மாளுக்கு இப்படி ஒரு முடிவைச் சொல்லிச் சொல்லி ஜனங்கள் 300 வருஷமாக அழுதிருக்கிறார்கள் என்பது மட்டும் நிஜம்.

விஜயரங்க சொக்கநாதர் 1732 வரை ஆண்டார். கோயில் கோயிலாகப் போய்த் தானம் செய்தார். ஸ்ரீரங்கத்தில் அவருடைய சிலையை இன்றும் பார்க்கலாம். நிர்வாகத்தில் அக்கறை இல்லை. அவருக்குப் பின் அவர் மனைவி மீனாட்சி ஆளவந்து, சந்தாசாகிப்பை நம்பி மோசம் போனார். 1730களோடு மதுரை நாயக்கர் ஆட்சியே முடிந்தது.

இதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. மங்கம்மாள் சாலையைக் கட்டினார், சத்திரத்தைக் கட்டினார், உடைந்த நாட்டையே ஒட்டவைத்தார். தனக்குப் பின் அதை நடத்தப்போகிற ஆளைத் தயார் செய்வது மட்டும் அவரால் ஆகவில்லை. மானியம் எழுதிவைத்த தர்மங்கள் அவருக்குப் பிறகும் நின்றன. பழக்கிவைக்காத வாரிசின் கையில் நாடு நிற்கவில்லை. ப்ராஜக்ட் ஆனாலும் சரி, கம்பெனி ஆனாலும் சரி, நம்ம சங்கமே ஆனாலும் சரி, பொறுப்பை வாங்கி நடத்துவது பாதி வேலை. அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்து, நேரம் பார்த்துக் கையில் கொடுப்பது மீதி வேலை.

மாணவத் தம்பி தங்கைகளே, அடுத்த முறை மதுரைக்குப் போகும்போது தமுக்கத்தையும் ஊஞ்சல் மண்டபத்தையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். சீனியர்களே, நீங்களும் ஒரு ஜூனியரைக் கூட அழைத்துப் போங்கள்!