துப்பாக்கி வார்த்த ஜேம்ஸ் பாரிஸ் லீ

கருவியை உலகம் அறியும். அதனைச் சமைத்தவனை அறிவோர் மிகச் சிலரே. நம் நாட்டுக் காவலர் தோளில் நெடுங்காலம் தொங்கிய ‘த்ரீ நாட் த்ரீ’ துப்பாக்கியை அறியாதார் இல்லை. ஆனால் அதன் உறுப்புகளுக்கு உருக் கொடுத்த ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவரின் வரலாற்றை நம்மவர் பலர் கேட்டிருக்க மாட்டார்கள்.

லீ 1831-ஆம் ஆண்டு ஸ்காத்லாந்தின் ஹாவிக் நகரில் பிறந்தார். அவர் சிறுவராயிருக்கும்போதே குடும்பத்தார் கடல் கடந்து கனடாவில் கால்ட் என்னும் ஊரில் குடியேறினர். பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டு வந்தோரின் பிள்ளை அவர். தந்தையின் கடிகாரத் தொழிலைத் தாமும் கற்றார். பன்னிரண்டாம் வயதில் பழைய கைத்துப்பாக்கிக் குழல் ஒன்றுக்குத் தாமே கட்டை செதுக்கிப் பூட்டித் துப்பாக்கி ஒன்று செய்தார். அது சரியாக வேலை செய்யவில்லை. எனினும் அவருடைய ஆர்வம் தணியவில்லை. நுண்ணிய சக்கரங்களைப் பொருத்திப் பழகிய விரல்கள் பின்னர் இரும்பிலும் அந்த நுட்பத்தையே தேடின.

1858-இல் அவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்குப் பெயர்ந்தார். உள்நாட்டுப் போரின் முடிவில், 1865-இல், ஆயிரம் சிறு துப்பாக்கிகள் செய்து தரும் ஒப்பந்தம் அவருக்குக் கிடைத்தது. குழலின் உள்ளளவு குறித்து அவருக்கும் இராணுவத்தாருக்கும் பிணக்கு மூண்டது. செய்த துப்பாக்கிகளை அவர்கள் ஏற்க மறுத்தனர். ஓர் அங்குலத்தின் நூற்றில் சில பங்கு வேறுபாடு ஒரு தொழிலையே கவிழ்த்துவிட்டது.

வேறொருவர் எனின் அத்துடன் பட்டறையை மூடியிருப்பார். லீ மேலும் பதினான்கு ஆண்டுகள் உழைத்தார். 1879-இல், தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் துப்பாக்கியின் அடியில் செருகும் பெட்டி அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். பெட்டிக்குள் உள்ள வில் தோட்டாக்களை மேல்நோக்கித் தள்ளும். வீரன் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளும்போது மேலிருக்கும் தோட்டா குழலுக்குள் நுழையும். அவருடைய துப்பாக்கியை முதலில் செய்யத் தொடங்கிய ஷார்ப்ஸ் நிறுவனம் நொடித்துப் போயிற்று. ரெமிங்டன் நிறுவனம் அவ்வேலையை ஏற்றது.

பிரிட்டிஷ் அரசு பல சோதனைகளுக்குப் பின் 1888-இல் லீயின் தாழ்ப்பாளையும் பெட்டியையும் ஏற்றுக்கொண்டது. குழலின் உட்புறப் புரிகள் மெட்ஃபோர்டு என்பவருடையவை. ஆதலின் அது லீ-மெட்ஃபோர்டு எனப் பெற்றது. புதிதாக வந்த கார்டைட் என்னும் வெடிபொருளின் வெப்பம் அப்புரிகளை விரைவில் அரித்தது. என்ஃபீல்ட் தொழிற்சாலையார் ஆழமான ஐந்து புரிகளை அமைத்தனர். 1895-இல் லீ-என்ஃபீல்ட் பிறந்தது. 1904-இல் கனெக்டிகட்டில் லீ மறைந்தார். உலகப் போர்களில் பேர்பெற்ற மூன்றாம் மாதிரி 1907-இல்தான் ஏற்கப்பட்டது. அதன் புகழை அவர் காணவில்லை.

அவருக்குச் சிலை எங்கே என்று தேட வேண்டியதில்லை. பழைய துப்பாக்கி ஒன்றின் தாழ்ப்பாளுக்குக் கீழே, கட்டை தொடங்கும் இடத்திலுள்ள இரும்பு வளையத்தை வலப்பக்கம் நோக்குக. மேலே முடி, அதனடியில் அரசரின் முதலெழுத்துகள். ‘வி. ஆர்.’ எனில் விக்டோரியா காலம், ‘ஈ. ஆர்.’ எனில் ஏழாம் எட்வர்டு காலம், ‘ஜி. ஆர்.’ எனில் ஜார்ஜ் மன்னர் காலம். அடுத்துச் செய்த இடம்: என்ஃபீல்ட், பி. எஸ். ஏ., ஆஸ்திரேலியாவின் லித்கோ, அல்லது ஹூக்ளிக் கரையிலுள்ள நம் இச்சாப்பூர். அதன்கீழ் ஆண்டு, கடைசியில் மாதிரியின் பெயர். அப்பெயரில் ‘எல்’ என்னும் ஓரெழுத்தாக லீ இன்றும் நிற்கிறார். மாதிரி எண்ணை அடுத்து ஓர் உடுக்குறி இருப்பின், போர்க்கால அவசரத்தில் சில உறுப்புகளை விட்டு எளிமையாக்கிய வகை அது. விடுதலைக்குப் பின் இச்சாப்பூரில் முடி நீங்கி அசோகச் சிங்கம் ஏறிற்று.

மதிப்பிடுவோர் இத்துடன் நில்லார். தாழ்ப்பாள், குழல், உடல் ஆகியவற்றின் எண்கள் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பர். ஒவ்வாதன, பழுது பார்க்கும்போது வேறு துப்பாக்கியிலிருந்து எடுத்துப் பூட்டியவையாகலாம், விலை குறையும். குழலின் உட்புறம் துருவால் குழிபட்டிருந்தாலும், பழைய கட்டையைத் தேய்த்து மெருகேற்றியிருந்தாலும் மதிப்புத் தாழும். ‘டி. பி.’ எனப் பொறித்தது பயிற்சிக்கு மட்டுமே, சுடத் தகாது. 1960-களில் இச்சாப்பூர் செய்த 7.62 மில்லிமீட்டர் வகையைப் பழைய .303 என மயங்கித் தோட்டா இடுவது ஆபத்து. லீயின் முதல் ஒப்பந்தத்தைக் குலைத்த அதே உள்ளளவுதான் இங்கும் முதற்கேள்வி. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் உள்ளது. பரணில் தாத்தாவின் துப்பாக்கி கிடைத்தால் விலை கேட்குமுன் காவல் நிலையத்தாரிடம் சொல்லுதலே முறை.

இந்த அடையாளங்களெல்லாம் விலைக்கு மட்டும் உரியவை அல்ல. 1919 ஏப்ரல் 13-ஆம் நாள் அமிருதசரஸ் ஜாலியன்வாலா பாக்கில் ஐம்பது சிப்பாய்கள் 1,650 குண்டுகளைச் சுட்டது இத்துப்பாக்கி இனத்தால்தான். இரு உலகப் போர்களிலும் இலட்சக்கணக்கான இந்திய வீரர் ஏந்தியதும், 1962-இல் இமயத்தின் பனியில் நம் ஜவான்கள் பிடித்து நின்றதும் இதுவே. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாள் அணிவகுப்போடு இதற்கு விடை கொடுத்தது.

கடிகாரத் தொழில் கற்ற ஒருவர் பொருளைச் செய்தார். அதனை எவர் எதன்பொருட்டு ஏந்தினர் என்பது அவர் கையில் இல்லை. முடியும் சிங்கமும் பொறித்த இரும்பை நாம் மதிப்பிடும்போது, அதன் எதிரே நின்றவர்களையும் எண்ணுதல் வேண்டும். அந்தக் கணக்கு எந்த விலைப் பட்டியலிலும் ஏறாது.