பாகவதர் மேல் விழுந்த பொய் வெளிச்சம்: அன்றைக்குச் சட்டம் எங்கே இருந்தது?

திருச்சிப் பக்கம் வயசானவங்ககிட்ட எம்.கே.தியாகராஜ பாகவதர் பேரைச் சொன்னா ரெண்டு விஷயம் உடனே வரும். ஒண்ணு ‘ஹரிதாஸ்’. இன்னொண்ணு லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. அந்த வழக்கில் அவர் கடைசியில் விடுதலையானார் என்பதை மட்டும் பலர் சேர்த்துச் சொல்வதில்லை.

1910 மார்ச் 1-ல் மாயவரத்தில் பிறந்தவர். வளர்ந்தது திருச்சியில். பொற்கொல்லர் குடும்பம், பையனுக்குப் படிப்பில் நாட்டமில்லை, பாட்டில் மட்டுமே. சின்ன வயசிலேயே நாடக மேடை ஏறி, முறையாகக் கர்நாடக சங்கீதம் கற்று, பாகவதர் பட்டத்தோடு ஊர் ஊராகப் பாடினார். 1934-ல் ‘பவளக்கொடி’ படம் வந்தது. 1937-ல் ‘சிந்தாமணி’, ‘அம்பிகாபதி’ இரண்டும் வந்தபோது தமிழ் சினிமாவுக்கு முதல் சூப்பர் ஸ்டார் கிடைத்துவிட்டார். அவர் முடி வெட்டும் பாணிக்கே பாகவதர் கிராப் என்று பேர் வந்தது.

தூது போன பத்திரிகை

இவ்வளவு புகழ் இருந்தால் கிசுகிசுவும் கூடவே வரும். சி.என்.லட்சுமிகாந்தன் என்பவர் ‘சினிமா தூது’ என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். ஏற்கெனவே போலி ஆவண வழக்கில் சிறைக்குப் போய் வந்தவர். நடிகர், நடிகைகளின் படுக்கையறைக் கதைகள்தான் சரக்கு. வாய்மூடி இருக்கப் பலர் பணம் கொடுத்ததாகவும் அன்று பேச்சு உண்டு.

பாகவதர், என்.எஸ்.கிருஷ்ணன், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு மூவரும் சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனு கொடுத்தார்கள். பத்திரிகையின் உரிமம் ரத்தானது. ஆனால் லட்சுமிகாந்தன் ஓயவில்லை. ‘இந்து நேசன்’ என்ற பத்திரிகையில் மறுபடி அதே வேலை.

நீதிமன்றத்துக்குப் போகாமல் ஏன் கவர்னரிடம் போனார்கள் என்று இன்றைக்குத் தோணும். அவதூறுச் சட்டம் அன்றும் இருந்தது. 1860-ன் இந்திய தண்டனைச் சட்டம் 499-வது பிரிவு. ஆனால் அவதூறு வழக்கு போட்டால் அச்சில் வந்த அத்தனை அசிங்கமும் கோர்ட்டில் இன்னொரு முறை வாசிக்கப்படும். அந்தரங்கத்துக்கு என்று தனி உரிமையும் அன்று இந்தியச் சட்டத்தில் கிடையாது. அவர்கள் மனசில் என்ன ஓடியது என்று சொல்ல முடியாது. கையில் இருந்த வழிகள் இவ்வளவுதான்.

1944 நவம்பர் 8. சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போன லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் பொது மருத்துவமனையில் இறந்தார். டிசம்பரில் பாகவதரும் கிருஷ்ணனும் கைது. 1945 மே மாதம் ஜூரிகளின் பெரும்பான்மைத் தீர்ப்பை ஏற்று இருவருக்கும் ஆயுள் தண்டனை. ஸ்ரீராமுலு நாயுடு விடுவிக்கப்பட்டார். உயர் நீதிமன்ற மேல்முறையீடும் தோற்றது. லண்டன் பிரிவி கவுன்சில்தான் வழக்கை மறுபடி விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை. கொன்றது யார் என்பது கடைசிவரை நிரூபணமாகவில்லை.

1944 தீபாவளிக்கு வெளியான ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளியைப் பார்த்தது. படம் ஓடிய காலத்தில் பெரும்பகுதி ஹீரோ சிறையில்.

அவதூறு வேறு, பொய் வெளிச்சம் வேறு

இதை இன்றைக்குக் கொண்டுவந்து பார்ப்போம். பழைய திருச்சி மாவட்டத்தில் இருந்த லப்பைக்குடிக்காடு இப்போது பெரம்பலூர் மாவட்டம். வளைகுடா வேலைக்குப் போய்வருபவர்கள் நிறைய உள்ள ஊர். ஒரு கற்பனை: லீவில் வந்த ஒருவர் திருச்சி ஏர்போர்ட்டில் பெட்டியோடு நிற்கும் போட்டோவை, விசா மோசடியில் ஏமாந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள் பற்றிய செய்தியோடு ஒரு தளம் போடுகிறது. போட்டோ நிஜம். செய்தியும் நிஜம். ரெண்டையும் ஒட்டினதுதான் பொய். அவரைக் குற்றவாளி என்று யாரும் சொல்லவில்லை. அதனால் அவதூறு வழக்கு நிற்பது கஷ்டம். ஆனால் மறுநாளே ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் அவருக்காக உச்சுக் கொட்டுவார்கள், பேசி வைத்த சம்பந்தம் தள்ளிப்போகும்.

அமெரிக்கச் சட்டத்தில் இதற்குத்தான் பொய் வெளிச்சம் என்று தனிப் பெயர். வில்லியம் பிராசர் என்ற சட்ட அறிஞர் 1960-ல் அந்தரங்க மீறலை நான்காகப் பிரித்தார். இது அதில் ஒன்று. ஆனால் அங்கேயும் சுலபம் இல்லை. தப்பியோடிய கைதிகளிடம் வீட்டிலேயே பணயமாகச் சிக்கிய ஹில் குடும்பத்தை, லைஃப் பத்திரிகை ஒரு வன்முறை நாடகத்தோடு இணைத்து எழுதியது. நிஜத்தில் அந்தக் கைதிகள் அவர்களை மரியாதையாகவே நடத்தியிருந்தார்கள். 1967-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பத்திரிகை பக்கம்தான் நின்றது: தெரிந்தே பொய் எழுதியதாகவோ, உண்மையைப் பற்றிக் கவலையே படாமல் எழுதியதாகவோ காட்டியாக வேண்டும்.

இந்தியாவில் அப்படித் தனி வழக்குரிமை இல்லை. நமக்குக் கிடைத்த பெரிய தீர்ப்பு தமிழ்நாட்டில் இருந்து போனதுதான். ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிடுவதைச் சிறை அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். 1994 அக்டோபர் 7-ல் உச்ச நீதிமன்றம் ராஜகோபால் வழக்கில் சொன்னதன் சாரம்: அந்தரங்கம் என்பது அரசியல் சாசனம் 21-வது பிரிவுக்குள் அடங்கிய உரிமை. ஒருவரின் குடும்பம், திருமணம் போன்ற விஷயங்களை, புகழ்ந்து எழுதினாலும் இகழ்ந்து எழுதினாலும், சம்மதம் இல்லாமல் வெளியிட்டால் நஷ்டஈடு கேட்கலாம். பொது ஆவணத்தில் இருப்பதை எழுதலாம். வெளியிடும் முன்பே தடுக்கும் அதிகாரம் அரசுக்கு இல்லை. 2017-ல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றே உறுதிசெய்தார்கள்.

அதாவது, கவர்னர் உரிமத்தை ரத்து செய்த அன்றைய வழி, இன்றைக்குக் கோர்ட்டில் நிற்பது சந்தேகம். பாகவதர் கையில் இருக்க வேண்டியது நஷ்டஈட்டு வழக்கு. சினிமா நடிகர் பொது வாழ்க்கையில் இருப்பவர்தானே என்ற எதிர்வாதம் வரும். படத்தை விமர்சிக்கலாம், படுக்கையறையை எழுத அது அனுமதி ஆகாது என்பது என் பார்வை.

சிறையில் இருந்து வந்தவர் 1948-ல் ‘ராஜமுக்தி’ எடுத்தார். ஓடவில்லை. அடுத்த படங்களும் பழைய பாகவதரைத் திருப்பித் தரவில்லை. 1959 நவம்பர் 1-ல், 49 வயதில், சென்னையில் காலமானார்.

இறந்தவருக்கு அந்தரங்கம் உண்டா? ஜெயலலிதா வாழ்க்கைப் படம் தொடர்பாக தீபா தொடர்ந்த வழக்கில், அந்த உரிமை அவரோடு முடிந்துவிடுகிறது, வாரிசுக்கு வராது என்றது சென்னை உயர் நீதிமன்றம். ஆனால் அவதூறு வேறு கதை. குடும்பத்தார் மனம் புண்பட வேண்டும் என்றே இறந்தவர் மேல் பழி சுமத்தினால், இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவிலும் அது குற்றம்தான். விடுதலையை விட்டுவிட்டுப் பாகவதரைக் கொலையாளி என்று யூடியூபில் தலைப்பு வைப்பவர்கள், இந்தப் பிரிவை ஒருமுறை படித்துவிட்டு அப்லோட் பண்ணலாம்.