குணங்குடியார் காட்டிய இசைவழி

இறைவனைத் தேடிய சூஃபி ஞானியர் பலர், தாம் வாழ்ந்த மண்ணின் பாட்டையே வழியாகக் கொண்டனர். பஞ்சாபில் புல்லே ஷாவும் வங்கத்தில் லாலன் ஃபகீரும் பாமர மக்களின் மொழியில் பாடினர். தமிழகத்தில் அவ்வாறு பாடியவருள் தலைசிறந்தவர் குணங்குடி மஸ்தான் சாகிபு ஆவார்.

1792ஆம் ஆண்டு, தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் அவர் பிறந்தார். இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். கீழக்கரையில் தைக்கா சாகிபிடம் மார்க்கக் கல்வி பயின்றார். மாமன் மகளை மணம் பேசியபோது மறுத்துத் துறவு பூண்டார். 1813இல் திருச்சியில் மௌலவி ஷாம் சாகிபிடம் தீட்சை பெற்றுக் காதிரிய்யா நெறியில் சேர்ந்தார். பின்னர், முருகன் கோயிலும் சிக்கந்தர் தர்காவும் அமைந்த திருப்பரங்குன்ற மலையில் நாற்பது நாள் தனித்துத் தவமிருந்தார் என்பர். இறையன்பில் மெய்மறந்து திரிந்த அவரை மக்கள் ‘மஸ்தான்’ என்றழைத்தனர்.

இறுதியில் சென்னை இராயபுரத்தை அடைந்து, 1838இல் அங்கேயே மறைந்தார். தொண்டியிலிருந்து வந்த அவரால்தான் தண்டையார்பேட்டைக்கு அப்பெயர் வந்தது என்று பலர் சொல்வர். ஆனால் அவ்வூர் 1693ஆம் ஆண்டிலேயே கும்பினியார் பெற்ற ஊர்களுள் ஒன்று. அறிவியல் மாணவனாகிய நான் அக்கூற்றை வரலாறாக ஏற்கவில்லை. மக்கள் அவர்மீது வைத்த அன்பின் அடையாளமாகவே கொள்கிறேன்.

அவர் பாட்டின் சிறப்பு யாது? தாயுமானவர் கையாண்ட பராபரக்கண்ணி வடிவையே தாமும் எடுத்துக்கொண்டார். இறைவனைக் காதலியாகக் காணும் பாரசீகச் சூஃபி மரபை, சித்தர்கள் வழங்கிய ‘மனோன்மணி’ என்னும் பெயரால் தமிழாக்கினார். அகத்தியர் மீதும் சதகம் பாடினார். திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை இயற்றினார். ஓர் இசுலாமிய ஞானியை ஒரு சைவப் புலவர் பாடியது தமிழுக்குக் கிடைத்த பேறன்றோ!

கண்ணி என்பது இரண்டே அடி. ஒவ்வொரு கண்ணியும் ஒரே விளியில் முடியும். எழுத்தறியாதவரும் இருமுறை கேட்டால் மனத்தில் இருத்திக்கொள்ளலாம். இதன் அருமையை நான் என் பாட்டியிடம் கண்டேன். ஒரகடத்துக் கழனிகளில் நாற்று நட்ட அவர், ஓரெழுத்தும் அறியார். ஆயினும் நடவுப் பாட்டுகளை விடியும்வரை பாடுவார். அவையும் குறுகிய அடிகளே. ஒருவர் பாட, மற்றவர் முடிப்பை வாங்கிப் பாடுவர். ஏட்டில் ஏறிய கண்ணிகள் நிலைத்துவிட்டன. பாட்டியின் பாட்டுகளோ ஏட்டில் ஏறவில்லை. அவர் நட்ட கழனிகள் இன்று தொழிற்சாலைகளாகிவிட்டன. உடன் பாடியவருள் எஞ்சியோர் மிகச் சிலரே.

எங்கள் குடும்பத்தில் முதன்முதல் கல்லூரிப்படி மிதித்தவன் நான். என் போன்ற மாணவ நண்பர் இங்குப் பலர் உளர். பிழைப்புக்காக ஒரகடம் வந்துள்ள பீகார், ஒடிசாத் தொழிலாளரிடமும் அவரவர் ஊர்ப் பாட்டுகள் இருக்கின்றன. விடுமுறையில் ஆளுக்கொரு பாட்டேனும் கேட்டு எழுதிக் கொணர்வோம். மண்ணின் பாட்டை மதித்த குணங்குடியாருக்கு நாம் செய்யும் மரியாதை அதுவே.