ஜான் வான் நியூமன்

கறையான் புற்றுக்கு மேஸ்திரி இல்லை. ஒவ்வொரு கறையானும் தன் அருகிலிருப்பதை மட்டுமே அறியும்; ஆயினும் புற்று ஓங்கி எழுகின்றது. சிற்றுறுப்புகள் அண்டையை மட்டும் நோக்கி இயங்க, மொத்தத்தில் ஓர் ஒழுங்கு தோன்றும் இவ்வியல்பைக் கணித நெறியில் ஆராய அடிகோலியவருள் ஒருவர் ஜான் வான் நியூமன்.

அவர் 1903 டிசம்பர் 28-ஆம் நாள் புடாபெஸ்ட் நகரில், செல்வமிக்க யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1926-இல் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றுப் பெர்லினில் ஆசிரியப் பணி புரிந்தார். 1930-இல் அமெரிக்கா சென்றார். 1933 முதல் பிரின்ஸ்டன் உயராய்வு நிலையத்தில் ஐன்ஸ்டைனுடன் பேராசிரியராக விளங்கினார். 1937-இல் அந்நாட்டுக் குடிமகனானார்.

போர்க்காலத்தில் அணுகுண்டு ஆக்கத்திலும் அவர் பங்கு கொண்டார். அழிவுக்கு அறிவை ஈந்த அவரே பின்னர் ஆக்கத்தின் நுட்பத்தையும் நாடினார். ஓர் இயந்திரம் தன்னையொத்த மற்றோர் இயந்திரத்தைத் தானே படைக்க இயலுமா? படைக்கப்படுவது படைப்பதைவிட எளியதாகவே இருக்கும் என்பதே பொதுவான எண்ணம். அது கட்டாயமன்று என 1948-இல் ஒரு சொற்பொழிவில் விளக்கினார்.

நண்பர் ஸ்டானிஸ்லா உலாமின் யோசனைப்படி, எல்லையற்ற சதுரங்கப் பலகை போன்ற ஒரு பரப்பைக் கற்பனை செய்தார். ஒவ்வொரு கட்டத்துக்கும் 29 நிலைகள். தன் நிலையும் நாற்புறத்து அண்டைக் கட்டங்களின் நிலையுமே அதன் அடுத்த நிலையை முடிவு செய்யும். இவ்வெளிய விதிகளைக் கொண்டே, தன்னைத் தானே பெருக்கும் அமைப்பொன்று இயலும் எனக் காட்டினார். அவ்வமைப்பு தன்னைப் பற்றிய குறிப்பொன்றைத் தாங்கி நிற்கும்; அக்குறிப்பைப் படித்து ஒரு முறை கட்டும்; மறுமுறை அப்படியே படியெடுத்துச் சேய்க்கு அளிக்கும். 1953-இல் டி.என்.ஏ.யின் அமைப்பு கண்டறியப்பட்ட பின்னர், உயிர்களும் இவ்வழியையே ஒத்து நடப்பது தெளிவாயிற்று.

நூல் முடியுமுன் புற்றுநோய் அவரைப் பற்றியது. 1957 பிப்ரவரி 8-ஆம் நாள், 53-ஆம் வயதில் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற குறிப்புகளை ஆர்தர் பர்க்ஸ் நிறைவு செய்து 1966-இல் வெளியிட்டார். தொற்றுநோய் பரவுவதையும் சாலையில் வண்டிகள் நெருக்குவதையும், தனித்தனி மனிதரின் நடத்தையிலிருந்து கணிப்பொறியில் கட்டிப் பார்க்கும் இன்றைய ஆய்வுக்கு அவர் வகுத்த கட்டங்களும் ஒரு வித்தாகும்.

அண்டை வீட்டாரிடம் நாம் ஒழுகும் முறை சிறிதே. ஊரின் இயல்பு அதிலிருந்தே திரள்கின்றது.