அறிவியல் வள்ளல் பட்நாகர்

பாலில் எலுமிச்சைச் சாறு விழுந்தால் பால் திரிந்துவிடும். பால் ஒரு கூழ்மம். கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள்கள் நீரில் கரையாமலும் அடியில் படியாமலும் மிதந்துகொண்டிருக்கும் நிலையே கூழ்மம் எனப்படும். இத்தகைய பொருள்களை ஆராய்ந்து நாட்டிற்குப் பயன்பட வாழ்ந்தவர் சாந்தி சுவரூப் பட்நாகர்.

இவர் 1894ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 21ஆம் நாள், இன்று பாகிஸ்தானில் உள்ள பேரா என்னும் ஊரில் பிறந்தார். எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தார். பொறியாளரான தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் வளர்ந்தார். லாகூரில் பயின்றபின் இலண்டன் சென்று, எண்ணெய்களின் பரப்பு இழுவிசை குறித்து ஆராய்ந்து 1921இல் முனைவர் பட்டம் பெற்றார். தாயகம் திரும்பி, காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் லாகூரிலும் பேராசிரியராகப் பணியாற்றினார்.

அந்நாளில் ராவல்பிண்டியில் இருந்த அட்டாக் எண்ணெய் நிறுவனம் ஓர் இடரைச் சந்தித்தது. எண்ணெய்க் கிணறு தோண்டும்போது துளைக்குள் களிமண் குழம்பைச் செலுத்துவர். அங்கு அக்குழம்பு நிலத்தடி உப்புடன் கலந்து இறுகியது. தோண்டும் பணி தடைப்பட்டது. குழம்பும் ஒரு கூழ்மமே என்பதைப் பட்நாகர் உணர்ந்தார். களிமண் துகள்கள் ஒரே வகை மின்னூட்டம் பெற்றிருப்பதால் ஒன்றையொன்று விலக்கி நிற்கும். உப்பு அவ்விலக்கத்தைக் குறைப்பதால் அவை ஒன்றுகூடித் திரள்கின்றன. இதனைத் தடுக்க, மரப்பிசினைக் குழம்பில் கலக்குமாறு அவர் கூறினார். பிசின் துகள்களின் புறப்பரப்பில் ஒட்டிப் படர்ந்து அவற்றைக் காத்தது. பணி தடையின்றித் தொடர்ந்தது.

மகிழ்ந்த நிறுவனம் ஆய்வுக்காக 1,50,000 ரூபாய் வழங்க முன்வந்தது. இளமையில் வறுமையை அறிந்தவராயினும், பட்நாகர் அப்பெருந்தொகையைத் தமக்கெனக் கொள்ளவில்லை. பல்கலைக்கழகத்திற்கே அளிக்கச் செய்தார். அதனால் அங்குப் பெட்ரோலிய ஆய்வு வளர்ந்தது. மாணவர் பலர் பயன்பெற்றனர்.

1942இல் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் உருவானபோது அதன் முதல் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்று, நாடெங்கும் ஆய்வுக்கூடங்கள் எழ உழைத்தார். காரைக்குடியில் வள்ளல் அழகப்பர் நிலமும் பொருளும் ஈந்தமையால் மின்வேதியியல் ஆய்வகம் உருவாயிற்று. 1955ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் பட்நாகர் மறைந்தார். அவர் பெயரால் அமைந்த விருது இந்திய அறிவியலாளர்க்குப் பெருமை சேர்த்தது. அறிவைத் தேடிப் பெற்று, அதன் பயனைப் பிறர்க்கு ஈந்த அவர்தம் வாழ்வு நமக்கு வழிகாட்டியாகும்.

வினாக்கள்

1. கூழ்மம் என்றால் என்ன?
2. களிமண் குழம்பு இறுகியது ஏன்? மரப்பிசின் அதனை எவ்வாறு தடுத்தது?
3. பட்நாகரை வள்ளல் என்று அழைப்பது பொருந்துமா? உம் கருத்தை எழுதுக.