மாசிக்காயா, அன்னபேதியா? 1858-ல் தஞ்சை பெரிய கோயிலைப் படம் பிடித்த கேப்டன் டிரைப்பின் கதை!

தஞ்சை பெரிய கோயிலுக்குப் போனால் நாம முதலில் செய்வது செல்போனை எடுத்து நந்தியோடு ஒரு கிளிக். ஒரு நொடி வேலை. ஆனால் 1858-ல் இதே நந்தியையும் விமானத்தையும் படம் எடுக்க ஒருவர் மாட்டு வண்டி நிறைய ரசாயனப் புட்டிகளோடு வந்தார். அவர் பெயர் லின்னேயஸ் டிரைப். கிழக்கிந்திய கம்பெனியின் மெட்ராஸ் படையில் கேப்டன்.

யார் இந்த டிரைப்?

1822-ல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். 1839-ல், 17 வயதில், கம்பெனி ராணுவத்தில் சேர்ந்து இந்தியா வந்தார். 1850-களின் தொடக்கத்தில் விடுப்பில் ஊருக்குப் போனபோதுதான் கேமரா பைத்தியம் பிடித்தது. அப்போது புகைப்படக் கலைக்கே பதினைந்து வயதுகூட ஆகவில்லை. 1854-ல் பெங்களூருக்குத் திரும்பி, பேலூர், ஹளேபீடு கோயில்களைப் படம் எடுத்தார். 1855-ல் மெட்ராஸ் கண்காட்சியில் அவர் படங்களுக்குப் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு பர்மா மன்னர் மிண்டோனிடம் போன தூதுக்குழுவோடு அவரையும் அனுப்பினார்கள். அங்கே எடுத்ததில் 120 படங்களைத் தேர்ந்தெடுத்து 50 செட் அச்சடித்தார். கணக்குப் போட்டால் 6,000 பிரிண்ட். எல்லாமே கையால்!

1856-ல் மெட்ராஸ் அரசு அவரையே அதிகாரபூர்வ புகைப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பரில் பயணம் தொடங்கியது. ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர், திருவையாறு. வடக்கே சிப்பாய்க் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த நேரம் அது. தஞ்சையிலோ மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855-ல் வாரிசில்லாமல் இறந்து, ராஜ்யம் கம்பெனி கைக்குப் போயிருந்தது. புதிதாகக் கையில் வந்த ஊரில் என்னென்ன இருக்கிறது என்று பதிவு செய்ய அரசுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டார்.

டெவலப்பர் என்றால் என்ன?

கேமராவுக்குள் ஒளி பட்டதும் படம் வந்துவிடாது. வெள்ளி உப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தடம் மட்டும்தான் விழும். அதைக் கறுப்பாக்கி வெளியே கொண்டுவரும் ரசாயனம்தான் டெவலப்பர். பிலிம் காலத்து ஸ்டூடியோ இருட்டறைகளில் தட்டில் ஊற்றி வைத்திருப்பார்களே, அதேதான்.

டிரைப் காலத்தில் முன்னால் இருந்தது இரண்டு வழி.

ஒன்று, கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசையைத் தடவி எடுப்பது. படம் கத்தி மாதிரி கூர்மையாக வரும். பைரோகேலிக் அமிலம் அல்லது அன்னபேதிக் கரைசலை ஊற்றினால் சில நொடிகளில் உருவம் தெரியும். ஆமாம், நாட்டு மருந்துக்கடையில் விற்கும் அதே அன்னபேதிதான்! சிக்கல் என்னவென்றால், தகடு ஈரமாக இருக்கும்போதே பூசி, படம் எடுத்து, டெவலப் செய்து முடித்துவிட வேண்டும். மொத்தமாகப் பத்து நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம். தஞ்சாவூர் வெயிலில் அதுவும் கிடைக்காது. கோயில் வாசலிலேயே இருட்டுக் கூடாரம் போட்டு, ஈத்தர் ஆவிக்குள் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும்.

இன்னொன்று, மெழுகு தடவிய காகிதம். இதற்கு டெவலப்பர் கேலிக் அமிலம். குழந்தைக்கு உரை மருந்தில் உரசிக் கொடுக்கும் மாசிக்காயிலும் இது இருக்கிறது. படு நிதானமான ஆசாமி! ஒரு மணி நேரமும் ஆகும், பல மணி நேரமும் ஆகும். ஆனால் காகிதத்தை முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்ளலாம். பகலில் படம் எடுத்து, வெயில் தாழ்ந்ததும் தங்கும் இடத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கழுவலாம். கண்ணாடி மாதிரி கனமும் இல்லை, வண்டி குலுங்கி உடையவும் செய்யாது.

பெரிய காட்சிகளுக்கு டிரைப் பெரிதும் நம்பியது இந்தக் காகிதத்தைத்தான். ஊரில் பலர் கண்ணாடிக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில், வெயிலையும் வண்டிப் பாதையையும் வைத்து எடுத்த முடிவு என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. சும்மா கிடைத்த வசதி இல்லை. காகிதத்தில் வானம் திட்டுத் திட்டாக விழும். அதனால் நெகட்டிவ் மேலேயே தூரிகையால் வண்ணம் பூசி வானத்தைச் சரிசெய்தார், சில படங்களில் மேகத்தையும் வரைந்தார். அந்தக் காலத்து போட்டோஷாப்! ஒரு படத்துக்குப் பல நிமிடம் ஒளி காட்ட வேண்டும் என்பதால் நடமாடும் ஆட்கள் பதிவாகவே மாட்டார்கள். அவர் படங்களில் நம்ம கோயில்கள் ஆள் அரவமே இல்லாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

21 படம், 19 அடி

டிரைப் தஞ்சையில் செய்த பெரிய வேலை கோபுரத்தை எடுத்தது அல்ல. விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் தமிழ்க் கல்வெட்டுகளை எடுத்ததுதான். கேமராவை நகர்த்தி நகர்த்தி 21 படங்கள். அவற்றை வரிசையாக ஒட்டினால் சுமார் 19 அடி நீளம். இந்தக் கோயிலைக் கட்டியது யார் என்பதே ஆங்கிலேய அதிகாரிகளுக்குத் தெளிவாகத் தெரியாத காலம் அது. ராஜராஜ சோழன்தான் என்று கல்வெட்டியலாளர் ஹுல்ட்ஷ் இந்த எழுத்துகளைப் படித்து உறுதி செய்தது 1880-களில். அதற்கு ஏறக்குறைய முப்பது வருடம் முன்பே, டிரைப் சுவரை அப்படியே பிரதி எடுத்துவிட்டார்.

அந்த ஆண்டே தஞ்சாவூர், திருவையாறு படங்கள் தனித் தொகுப்பாக மெட்ராஸில் வெளிவந்தன. மதுரை, புதுக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருச்சிக்கும் தனித்தனி தொகுப்புகள். அச்சு வேலையில் இந்திய உதவியாளர்கள் இருந்தார்கள். அவரிடம் தொழில் கற்ற சி. அய்யாசாமி பிறகு மெட்ராஸ் தொழிற்கலைப் பள்ளியில் புகைப்பட வேலையைத் தொடர்ந்தார்.

ஏன் நின்றுபோனது?

காசுதான். 1859-ல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யனுக்கு இது ஆடம்பரச் செலவாகப் பட்டது. டிரைப்பின் அலுவலகம் மூடப்பட்டது. அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அதன்பின் அநேகமாகக் கேமராவைத் தொடவே இல்லை. பத்து வருடம் கழித்து பர்மாவின் டவுங்கூவில் கொஞ்சம் எடுத்தார், அவ்வளவுதான். 1902-ல் பிறந்த ஊரிலேயே இறந்தார்.

இன்றும் கறுப்பு வெள்ளை பிலிம் கழுவுபவர்களுக்கு டெல்டாவில் அதே தலைவலிதான். 1927-ல் கோடாக் கொண்டுவந்த டி-76 போன்ற டெவலப்பர்களுக்கு 20 டிகிரி தண்ணீர்தான் கணக்கு. சித்திரையில் நம்ம குழாயில் வருவதோ 30-க்கும் மேல். எட்டு நிமிட வேலை மூன்றரை நிமிடத்தில் ஓடிவிட்டால் படத்தில் திட்டு விழும். அதனால் டப்பாவைச் சுற்றி ஐஸ் கட்டி வைப்பார்கள், இல்லையென்றால் டெவலப்பரில் தண்ணீர் கூட்டி அதை மெதுவாக்குவார்கள்.

டிரைப் படங்கள் இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2014-ல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் தொடங்கி, நியூயார்க், லண்டன் என்று அவருக்கென்றே ஒரு கண்காட்சி சுற்றி வந்தது.