அப்பர் தோளில் சாய்ந்த உழவாரம்

கோயில் பிராகாரத்தில் நால்வர் சிலைகளை வணங்கியிருப்பீர்கள். ஞானசம்பந்தர் சிறு பிள்ளையாக நிற்பார். சுந்தரர் மாப்பிள்ளைக் கோலத்தில் இருப்பார். மாணிக்கவாசகர் கையில் ஏடு இருக்கும். மழித்த தலையும் உருத்திராக்கமுமாக நிற்கும் திருநாவுக்கரசரின் தோளில் மட்டும் ஒரு வேலைக் கருவி சாய்ந்திருக்கும். நீண்ட காம்பு, அதன் நுனியில் தட்டையான இரும்புத் தகடு. புல்லை வேரோடு செதுக்கி எடுக்கும் உழவாரம் அது. தோட்டத்தில் புல் வெட்டிக் கை காய்த்த நம் பெரியவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் மருள்நீக்கியார். ஊர் திருவாமூர். தந்தை புகழனார், தாய் மாதினியார். பெற்றோர் இருவரும் அடுத்தடுத்து மறைந்தார்கள். அக்காள் திலகவதியாருக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளை கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார். அக்காளும் உயிரை விடத் துணிந்தபோது, தம்பி காலில் விழுந்து அழுதார். அவருக்காகவே அந்த அம்மையார் உயிர் வாழ்ந்தார்.

வளர்ந்த தம்பி அறச்சாலைகளும் தண்ணீர்ப் பந்தல்களும் அமைத்தார். பிறகு சமணம் சேர்ந்து, பாடலிபுத்திரத்துப் பள்ளியில் கற்றுத் தேர்ந்து, தருமசேனர் என்ற பெயரோடு தலைமை நிலைக்கு உயர்ந்தார். அங்கே அவர் சோம்பி இருந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அக்காள் கண்ணுக்கு அந்த ஆண்டுகள் கைநழுவிப் போகும் காலமாகவே தெரிந்தன. அவர் தம்பியோடு வாதாடவில்லை. திருவதிகைக்குப் போய், கோயிலில் அலகிட்டு, மெழுகி, பூத்தொடுத்து, அங்கேயே காத்திருந்தார்.

தருமசேனரைச் சூலை நோய் பிடித்தது. மருந்தும் மந்திரமும் கேட்கவில்லை. வலி பொறுக்க முடியாமல், இரவோடு இரவாக அக்காளின் வாசலுக்கு வந்து சேர்ந்தார். திலகவதியார் பழைய கணக்கு எதையும் பேசவில்லை. திருநீறு கொடுத்தார். விடிவதற்குள் கோயில் வேலைக்குப் போகும் நேரம் வந்தது. துடைப்பமும் மெழுகுவதற்கு வேண்டியதும் எடுத்துக்கொண்டு, தம்பியையும் கூட்டிக்கொண்டு சந்நிதிக்குப் போனார். அங்கேதான் முதல் பதிகம் பிறந்தது, நோயும் தீர்ந்தது என்கிறார் சேக்கிழார். தம்பி பாட்டை இறைவனிடம் பெற்றார். வேலையை அக்காளிடம் கற்றார் என்றே எனக்குத் தோன்றுகிறது. பிரட்டுக்கு முன்பே எழுந்து வீட்டு வாசல் தெளித்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு இது புரியும்.

பிறகு பல்லவ மன்னன் அவரை நீற்றறையில் அடைத்ததும், நஞ்சு ஊட்டியதும், யானையை ஏவியதும், கல்லில் கட்டிக் கடலில் எறிந்ததும் சிறு வயதிலிருந்தே நாம் கேட்ட கதைகள். அவற்றைத் தாண்டி ஊர் ஊராக நடந்தபோது அவர் என்ன செய்தார் என்பதைக் குறைவாகவே பேசுகிறோம். போன கோயிலில் எல்லாம் முற்றத்துப் புல்லைச் செதுக்கினார், முள்ளை அகற்றினார், குப்பையை ஒதுக்கினார், பாடினார். 4, 5, 6ஆம் திருமுறைகள் முழுவதும் அவருடையவை. இன்று கிடைப்பவை மட்டும் 300க்கும் மேற்பட்ட பதிகங்கள். இவ்வளவு பாடியவர், பாட்டே போதும் என்று உட்கார்ந்திருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்?

திருவீழிமிழலையில் பஞ்சம் வந்த கதை இங்கே முக்கியம். சம்பந்தரும் நாவுக்கரசரும் தனித்தனி மடத்தில் அடியார்களுக்கு அன்னமிட்டார்கள். அதற்காக இறைவன் இருவருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு கொடுத்தார். ஆனால் சம்பந்தர் மடத்தில் சாப்பாடு தாமதமாகிக்கொண்டே இருந்தது. காரணம் விசாரித்தார். அவருடைய காசுக்குக் கடைக்காரர்கள் வட்டம் பிடித்தார்கள். நாவுக்கரசர் காசை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்கள். நாவுக்கரசர் கையால் தொண்டு செய்கிறவர், அதனால்தான் அவர் காசில் குறையில்லை என்று சேக்கிழார் காரணம் சொல்கிறார். சம்பந்தர் வருத்தப்படவில்லை. நல்ல காசு தரும்படி ஒரு பதிகம் பாடினார், அவருக்கும் கிடைத்தது.

இத்தனைக்கும், அப்பர் என்று அவரை முதலில் அழைத்தவர் இதே சம்பந்தர்தான். அப்படி அழைக்கப்பட்ட முதியவர், பின்னொரு நாள் திருப்பூந்துருத்திக்கு அருகே கூட்டத்தோடு கூட்டமாகப் புகுந்து, அந்தப் பிள்ளையின் பல்லக்கைத் தம் தோளில் சுமந்தார். சம்பந்தர் அவர் எங்கே என்று விசாரித்த பிறகே, பல்லக்கின் கீழிருந்து குரல் கொடுத்தார்.

கோயில் சிரமதானம் என்று அறிவித்தால், பேச்சாளருக்கு நாற்காலி போட ஆள் கிடைக்கும், துடைப்பம் பிடிக்கக் கிடைக்காது. நமக்கெல்லாம் வேலை இருக்கிறது, முதுகு வலி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் ஓய்வு. அவருக்கும் வயது இருந்தது. கயிலைக்குப் போகத் துணிந்து, கால் தேய்ந்த பின்னும் கையாலும் மார்பாலும் நகர்ந்த உடம்பு அது. அங்கே போய்ச் சேரவில்லை. வழியில் ஒரு பொய்கையில் மூழ்கி எழுந்தபோது திருவையாற்றில் இருந்தார். கயிலைக் காட்சி அவருக்கு அங்கேயே கிடைத்தது என்கிறது பெரியபுராணம். அதற்குப் பிறகும் உழவாரத்தை அவர் கீழே வைக்கவில்லை.

கடைசியாகத் தங்கியது திருப்புகலூர். ஒரு நாள் முற்றத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தபோது, உழவாரம் பட்ட இடமெல்லாம் பொன்னும் நவமணியும் மின்னின. பருக்கைக் கல்லையும் அவற்றையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்துவிட்டு, அடுத்த இடத்துப் புல்லைச் செதுக்கப் போனார். வானுலகப் பெண்கள் வந்து ஆடிப் பாடியபோதும் அவர் மனம் அசையவில்லை.

81 வயது வரை வாழ்ந்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. திருப்புகலூரிலேயே சித்திரைச் சதயத்தன்று இறைவனடி சேர்ந்தார். நம் ஊர்க் கோயில்களிலும் அந்த நாளில் குருபூசை நடக்கிறது. சில இடங்களில் அன்று காலை பூசைக்கு முன்பாகவே புல் வெட்டும் சத்தம் கேட்கும்.